அந்த 330 ஓம்: கியர்பாக்ஸ் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, இப்போதுதான் ஒன்றிரண்டு பேராக ஒர்க்‌ஷாப் பக்கம் வரத் தொடங்கியிருக்கும் தங்கைகளே,

கோவையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கிறவன் நான். உங்களில் சிலர் என் பட்டறையில் சில மாதம் இருந்து போனவர்கள். பலரை நான் பார்த்ததே இல்லை. போன சீசனில் என்னிடம் வந்த ஒரு வண்டியைப் பற்றி உங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருடைய வண்டி அது. ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி, டார்க் கன்வர்ட்டர் பெட்டி. குடும்பத்தோடு மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கு ஏறியவர், குன்னூரைத் தொடுவதற்குள் நின்றுவிட்டார். ‘டி’யில் போட்டால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள்.

சம்ப்பைக் கழற்றினேன். புது ஏ.டி.எஃப். ஆயில் செக்கச் சிவப்பாக, தெளிவாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இதில் வந்தது டிகாக்‌ஷன். அடியில் காபித்தூள் மண்டி மாதிரி கிளட்ச் பிளேட்டின் லைனிங் கரைந்து படிந்திருந்தது. சம்ப்பைத் தரையில் வைப்பதற்குள் தீய்ந்த நாற்றம் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இது எதுவும் இல்லை. பெட்டிக்கு வெளியே வரும் கப்ளரில், இரண்டு வயர்களைச் சுற்றி ஒரு இன்சுலேஷன் டேப் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். சென்சார் வயர் இரண்டையும் வெட்டி ஒதுக்கிவிட்டு, கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரான டி.சி.எம். பக்கத்து முனைகளில் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைத்திருந்தார்கள். ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன் கோடு. 330 ஓம்.

வாத்தியாரிடம் விசாரித்தேன். இரண்டு மாதம் முன்னால் வால்பாறை போகும்போது, 40 கொண்டை ஊசி வளைவில் பாதி ஏறுவதற்குள் கியர்பாக்ஸ் சூட்டு விளக்கு எரிந்திருக்கிறது. ஊருக்கு வந்து ஓரிடத்தில் காட்டியிருக்கிறார். “சென்சார் கம்ப்ளெயின்ட்தான் சார், சரி பண்ணியாச்சு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு விளக்கு எரியவே இல்லை. எப்படி எரியும்? எந்த இடம் என்று நான் கேட்கவில்லை, எழுதப்போவதும் இல்லை. அந்த ரெசிஸ்டரைப் பற்றவைத்த கை ஒரு இளைஞனுடையதாக இருக்கலாம். சால்டரிங் சுத்தமாக இருந்தது. வேலை தெரிந்த கை. அந்த வயருக்குள் என்ன பேச்சு ஓடுகிறது என்பதை மட்டும் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

அந்த இரண்டு வயரின் முனையில், ஆயிலில் மூழ்கிக் கிடப்பது தெர்மிஸ்டர். மிளகு அளவுதான் இருக்கும். மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் மாதிரியான உலோகங்களின் ஆக்சைடுப் பொடியை அழுத்தி, சூளையில் மண்பாண்டம் சுடுவதைப் போலச் சுட்டெடுத்தது. செம்புக் கம்பி சூடானால் அதன் தடை கூடும். இதற்குச் சூடு ஏற ஏறத் தடை விழும். மின்சாரத்தைச் சுமக்கக்கூடிய எலெக்ட்ரான்கள் குளிரில் கட்டுண்டு கிடக்கும், சூடு அவற்றை அவிழ்த்துவிடும். இந்தத் தலைகீழ்க் குணத்தை வெள்ளி சல்ஃபைடில் மைக்கேல் ஃபாரடே 1833-லேயே கவனித்துக் குறித்துவைத்தார். கார் என்ற பொருளே அப்போது இல்லை.

படித்தால் இது மனதில் தங்காது, கையால் செய்து பாருங்கள். என் பட்டறையில் வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் முதல் நாள் இதுதான் பாடம். பழைய சென்சார் ஒன்றை மல்டிமீட்டரில் மாட்டி, எலெக்ட்ரிக் கெட்டிலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் விடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் பெட்டிகளில் வந்த பழைய வகை என்னிடம் இருக்கிறது. காலையில் 30 டிகிரியில் மீட்டர் சுமார் 2,240 ஓம் காட்டும். கெட்டிலை ஆன் செய்ததும் எண்கள் சரியத் தொடங்கும். 40-ல் 1,460. 60-ல் 670. 80-ல் 330. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது 180-ஐ ஒட்டி வந்து நிற்கும். முதல் பத்து டிகிரியில் எண்ணூறு ஓம் காணாமல் போகிறது, கடைசிப் பத்து டிகிரியில் அறுபதுதான். அந்தக் கடைசி அறுபதை மறக்காதீர்கள், கொஞ்சம் கழித்து அது தேவைப்படும்.

80-ல் 330. இப்போது அந்த ஆரஞ்சு, ஆரஞ்சு, பிரவுன் என்ன செய்தது என்று புரிகிறதா? வாத்தியார் வண்டியின் சென்சாரும் ஏறக்குறைய இதே கணக்குதான். விடிகாலைக் குளிரிலும் 80. சாய்பாபா காலனி சிக்னலிலும் 80. மலையில் ஆயில் கருகும்போதும் 80. அந்தக் கம்ப்யூட்டரின் கண்ணைக் குத்தி, கண்ணுக்கு முன்னால் ஒரு போட்டோவை ஒட்டிவிட்டார்கள்.

டி.சி.எம்-முக்கு ஓம் அளக்கத் தெரியாது, வோல்ட்தான் தெரியும். உள்ளிருந்து 5 வோல்ட்டை, மாறாத தடை ஒன்றின் வழியாக சென்சாருக்கு அனுப்புகிறது. சென்சாரின் மறுமுனை எர்த். இரண்டு தடையும் அந்த 5 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். உள்ளே இருப்பது 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரியில் சென்சார் வயரில் ஏறத்தாழ மூன்றரை வோல்ட் நிற்கும். 80-ல் ஒன்றேகால். 100-ல் முக்கால். குளிர்ந்தால் வோல்ட் கூடும், சூடானால் குறையும், அவ்வளவுதான் அந்தப் பாஷை. இந்த வயர்களில் 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப்பைக் குத்தி மட்டும் பார்க்காதீர்கள். டி.சி.எம்-மையே இழந்துவிடுவீர்கள்.

இதை வைத்து அது என்ன செய்கிறது? கேஜில் ஒரு விளக்கு எரிக்கிறது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கு கடைசி வேலை. முதல் வேலை ஆயிலின் கெட்டித்தன்மையைத் தெரிந்துகொள்வது. 40 டிகிரியில் இருக்கிற ஏ.டி.எஃப்-பின் கெட்டித்தன்மை 100 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே சோலனாய்டு, அதே ஓட்டை, ஆனால் அதற்குள் பாயும் ஆயில் வேறு. கிளட்ச்சை எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை மில்லி செகண்டில் பிடிக்க வேண்டும் என்ற கணக்கை ஒவ்வொரு கியருக்கும் சூட்டைப் பார்த்துத்தான் அது போடுகிறது. ஆயில் குளிர்ந்திருந்தால் டார்க் கன்வர்ட்டரின் லாக்கப் கிளட்ச்சைப் பிடிக்காது, அடுத்த கியரைத் தள்ளிப்போட்டு ஆயில் சீக்கிரம் சூடேற வழிசெய்யும். அளவுக்கு மீறிச் சூடானால் நேர்மாறு. லாக்கப்பை முடிந்தவரை சீக்கிரம் பிடிக்கும், கியர் மாற்றும் வேகத்தை மாற்றும், எஞ்சினைக் கேட்டு டார்க்கைக் குறைக்கச் சொல்லும். அதற்கும் அடங்காவிட்டால்தான் விளக்கு.

லாக்கப் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சூடு பிறக்கிற இடமே கன்வர்ட்டர்தான். எஞ்சின் பக்கத்துச் சக்கரம் ஆயிலை வீசுகிறது, கியர் பக்கத்துச் சக்கரம் அதை வாங்கிச் சுற்றுகிறது. இரண்டுக்கும் வேகத்தில் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவும் ஆயிலில் சூடாக இறங்கும். லாக்கப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். மே மாதம் பர்லியாறுக்கு மேலே, பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறுகிற வண்டியை எண்ணிப்பாருங்கள். எஞ்சின் 20 கிலோவாட் கொடுக்கிறது, அதில் அறுபது சதவீதம்தான் சக்கரத்துக்குப் போகிறது என்றால், மீதி 8 கிலோவாட் ஆயிலுக்குள் போகிறது. உங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் கீசர் 2 கிலோவாட். நான்கு கீசர்களை ஏழெட்டு லிட்டர் ஆயிலுக்குள் ஒன்றாகப் போட்டால் என்ன ஆகும்? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குள் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம். அந்தச் சூட்டை வெளியே எடுத்துப்போக ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு கூலர் இருக்கிறது. வாத்தியார் வண்டியில் அந்தக் கூலர் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. வால்பாறை ரோட்டில் சென்சார் கத்தியது அதற்காகத்தான். அது பொய் சொல்லவே இல்லை.

கூலரைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ ஆகும் செலவு எவ்வளவு, பெட்டியைப் பிரித்துக் கிளட்ச் பேக், கன்வர்ட்டர், ஆயில் எல்லாம் போட ஆகும் செலவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். பில்லை நீட்டும்போது அந்தப் பெரியவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சென்சார் கெட்டுப்போவதே இல்லை என்று நான் சொல்லவில்லை. போகும். ஆனால் எப்படிப் போயிருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். ஸ்கேனரில் ஏ.டி.எஃப். சூடு மைனஸ் 40 என்று நின்றால், நீலகிரி உறைபனியிலும் அது நடக்காத காரியம். வயர் அறுந்திருக்கிறது அல்லது கப்ளர் கழன்றிருக்கிறது, 5 வோல்ட் முழுசாக நிற்கிறது, பி 0713 என்ற எரர் கோடு விழும். இரவெல்லாம் நின்ற வண்டியில் 150-க்கு மேல் காட்டினால் வயர் எர்த்தில் தொடுகிறது, அது பி 0712. ஓட்டும்போது எண் நகராமல் ஒரே இடத்தில் நின்றாலோ, நம்பமுடியாதபடி தாவினாலோ பி 0711. வந்து வந்து போனால் பி 0714. ஆனால் பி 0218 என்று வந்தால், தயவுசெய்து, சென்சாரில் கை வைக்காதீர்கள். சென்சார் சரியாக இருக்கிறது, ஆயில் உண்மையாகவே சூடாகியிருக்கிறது என்பதுதான் அந்தக் கோடின் பொருள். இந்த ஒரு எண்ணையும் முந்தைய நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பெட்டிகள் வீணாகின்றன என்பது என் அனுபவம்.

சென்சாரைச் சோதிக்கக் காசு செலவில்லாத வழி இது. வண்டியை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட், உள்ளே இழுக்கும் காற்று, ஏ.டி.எஃப். மூன்றும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாக நின்றால் அதைப் பிடியுங்கள்.

ஆனால் இந்தக் காலைச் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். இங்கேதான் அந்தக் கடைசி அறுபது ஓம் வருகிறது. கப்ளர் பின்னில் பச்சை பூத்து, அங்கே 150 ஓம் கூடுதல் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 2,240-ஓடு 150 சேர்ந்தால் கம்ப்யூட்டருக்கு ஒன்றரை டிகிரி வித்தியாசம்கூடத் தெரியாது. சோதனை பாஸ். அதே வண்டி மலை ஏறி ஆயில் 120-ஐத் தொடும்போது சென்சாரின் தடை வெறும் 100 ஓம். அதோடு அந்த 150 சேர்ந்தால் 250. கம்ப்யூட்டர் அதை 90 டிகிரி என்று படிக்கும். எல்லாம் சுகம் என்று லாக்கப்பைத் தளர்வாக விட்டுவைக்கும். துரு எப்போதும் குளிர்ப் பக்கமாகத்தான் பொய் சொல்லும், சூடு கூடக் கூடப் பொய்யும் பெருகும். கோடு எதுவும் விழாது. இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் பிடித்தது, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே சூட்டிலும் ஒரு தடவை பாருங்கள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் சம்ப்பின் சூட்டை எடுத்து ஸ்கேனர் எண்ணோடு வைத்துப் பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன் மேல் அளந்தால் சரியாக வரும். சம்ப்பின் வெளிப்புறம் ஆயிலைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். வெளியே அளந்தது உள்ளே சென்சார் சொல்வதைவிட அதிகமாக இருந்தால் கப்ளரைத் திறங்கள்.

சென்சார் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். பெரும்பாலான பெட்டிகளில் வால்வ் பாடி வயரிங்கோடு சேர்ந்து சம்ப் ஆயிலில் இருக்கும். கன்வர்ட்டரிலிருந்து அப்போதுதான் வெளியே வரும் ஆயில் அதைவிட எவ்வளவோ சூடாக இருக்கும், சம்ப் அதைத் தாமதமாகத்தான் உணரும். அதனால் சில ஐசின் பெட்டிகளில் இரண்டு சென்சார் வைத்தார்கள். ஆறு கியர் டிகியூ250 இரட்டைக் கிளட்ச் பெட்டியில், கிளட்ச்சிலிருந்து தெறித்து வரும் ஆயிலுக்கென்றே தனியாக ஒன்று உண்டு. அந்தப் பெட்டியில் உள்சூடு 138 டிகிரியைத் தாண்டினால் எஞ்சின் டார்க்கைக் குறைக்கும். மெர்சிடிஸின் 722.6 பெட்டியில் இன்னொரு விசேஷம். அங்கே சூட்டு சென்சாரும் ‘பி’, ‘என்’ நிலையைக் காட்டும் ரீட் கான்டாக்ட்டும் ஒரே வரிசையில் கோத்திருக்கும். ‘பி’யிலோ ‘என்’னிலோ அந்த வட்டம் திறந்துவிடுவதால், அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் எஞ்சின் சூட்டைக் கடன் வாங்கிக்கொள்ளும். இது தெரியாமல் ‘பி’யில் நிறுத்திவைத்து சென்சாரை அளந்தால், நல்ல சென்சாரைத் தூக்கிப் போடுவீர்கள். இன்னொன்று, அந்த சென்சாரில் சூடு ஏறினால் தடையும் ஏறும். கெட்டில் பாடம் அங்கே தலைகீழ். எந்தப் பெட்டியானாலும் முதலில் அதன் அட்டவணையைத் தேடுங்கள். 2014-ல் செலேரியோவோடு நம் ரோட்டுக்கு வந்த ஏ.எம்.டி. வகையில் கன்வர்ட்டரே கிடையாது. அங்கே சூடாவது சாதாரணக் காய்ந்த கிளட்ச், அதன் சூட்டைப் பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். அது வேறு கதை.

ஆயில் மட்டம் பார்ப்பதற்கும் இந்த சென்சார் வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகள் இப்போது அதிகம். எட்டு லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கும் மேல் பெருகும். அதனால் இசட்.எஃப். பெட்டிகளில் ஆயில் 30-க்கும் 50-க்கும் நடுவில் இருக்கும்போது, எஞ்சின் ஓடும் நிலையில் ஓவர்ஃப்ளோ பிளக்கைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். பல டொயோட்டா வண்டிகளில் ஸ்கேனர்கூட வேண்டாம். ஓ.பி.டி. கப்ளரில் 4, 13-ஆவது பின்கள் இரண்டையும் இணைத்து, கையேட்டில் சொன்னபடி செய்தால், ஆயில் சரியான சூட்டுக்கு வந்ததும் மீட்டரில் ‘டி’ விளக்கு எரிந்து நிற்கும். கூடிவிட்டால் சிமிட்டும். வாத்தியார் வண்டிக்குக் கடைசியாக ஆயில் மாற்றியவர், என்றும் 80 காட்டுகிற ஸ்கேனரை வைத்துக்கொண்டு எந்த மட்டத்தைப் பார்த்திருப்பார்?

கஸ்டமர்கள் சில சமயம் “எப்படியாவது லாம்ப்பை அணைச்சுக் குடுப்பா” என்றுதான் கேட்பார்கள். மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டும், கையில் பணம் இல்லை, பக்கத்துக் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். எனக்கும் அந்த நெருக்கடி தெரியும். அப்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்கேனரைக் காட்டி, “இது கெட்டுப்போகலைங்க, உங்க ஆயில் கொதிக்குதுன்னு சொல்லுது” என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்வார்கள். கேட்காதவர் வேறு இடம் போகட்டும். அந்த ரெசிஸ்டரை உங்கள் கையால் பற்றவைக்காதீர்கள். பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்து மலை ஏறுகிற வண்டி அது.

மலையில் விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதையும் சாவி கொடுக்கும்போதே சொல்லி அனுப்புங்கள். அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, ‘பி’யில் வைத்து, எஞ்சினை அணைக்காமல் விட வேண்டும். எஞ்சின் ஓடினால்தான் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால்தான் ஆயில் கூலருக்குப் போகும். கூலன்ட் முள்ளும் சேர்ந்து ஏறியிருந்தால் மட்டும் அணைக்கலாம். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது, பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். ஊர்ந்து போகும்போது ‘டி’யை விட்டு ‘எல்’லிலோ, மேனுவலில் முதல் கியரிலோ போவது நல்லது.

வாத்தியார் வண்டிக்குப் புது சென்சார் போட்டேன், கப்ளர் மாற்றினேன், கூலரும் புதுசு. ஒரு ஓ.பி.டி. டாங்கிளையும் மாட்டி, சூட்டை அவருடைய போனிலேயே பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தார். பின்னால் பழக்கடைக்காரர்கள் சத்தம் கேட்டது.

“தம்பி, பர்லியாறுல நிக்கறேன். கல்லாறுல இருந்து ஒரே டிராஃபிக். 104 வரைக்கும் போச்சு, நீங்க சொன்ன மாதிரி ‘பி’ல போட்டு வண்டிய ஓடவிட்டேன்.”

“இப்ப என்னங்க சார் காட்டுது?”

“91. இருங்க… 90.”

அன்புடன்,
உங்கள் அண்ணன்